காரின் ஆயுளும் கருவியின் ஆயுளும்

மோட்டார் கார் என்றால் என்ஜின், சக்கரம், ஸ்டீரிங் ஆகியவையே என்று கருதிய காலம் கழிந்துவிட்டது. இன்று விற்பனைக்கு வரும் கார்கள் பலவற்றில், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தொடுதிரை அமைந்திருக்கிறது. வழிகாட்டும் வரைபடம், ரேடியோ, பாட்டு, தொலைபேசி, பின்புறக் காமிராவின் காட்சி, சில கார்களில் குளிர்சாதனத்தின் கட்டுப்பாடு ஆகிய யாவும் அத்திரைக்குள் அடங்கியுள்ளன. தொலைபேசி அலைகளின் வாயிலாக அது வெளியுலகத்தோடு இணைந்தும் இருக்கிறது. தொழில்துறையில் இதனை இன்ஃபோடெயின்மெண்ட் அமைப்பு என்பர்; தகவலும் பொழுதுபோக்கும் ஒரே பெட்டியில் சேர்ந்திருப்பதால் ஏற்பட்ட பெயர் அது. இக்கட்டுரையில் அது தகவல் திரை என்றே குறிக்கப்படும்.

இத்திரையை இயக்குவது மென்பொருள். அம்மென்பொருளை எழுதுவதற்கும், சோதிப்பதற்கும், பின்னர் திருத்துவதற்கும் வேறு பல மென்பொருள்கள் வேண்டும். தச்சனுக்கு உளியும் இழைப்புளியும் எப்படியோ, மென்பொருள் எழுதுவோருக்கு அவை அப்படி. இக்கருவிகளை எந்த அளவுகோலைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வி, கம்பெனிகளின் உள்விவகாரமாகவே தோன்றலாம். உண்மையில் அது காரை வாங்கி ஓட்டுபவர், சாலையில் அதைப் பரிசோதிக்கும் ஊழியர், அத்தொழிலுக்கு மாணவரைத் தயார் செய்யும் ஆசிரியர் ஆகிய மூவரையும் தொடும் விஷயமாகும். கருவி எவ்வளவு புதியது, எவ்வளவு விரைவாக வேலையை முடித்துத் தரும் என்பவை தேர்வில் கடைசியாக வர வேண்டிய கேள்விகள். காரின் ஆயுள் முழுவதும் அது துணைக்கு வருமா என்பதே முதலில் கேட்கத் தக்கது.

திருவனந்தபுரமும் இத்தொழிலும்

இக்கேள்வி திருவனந்தபுரத்திற்குப் பெரிதும் உரியது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணிற் பாய்ந்தது முதல், நுண்ணிய பொறியியல் இந்நகருக்குப் பழக்கமான துறையாயிற்று. 1973-ல் மாநில அரசு கெல்ட்ரான் என்னும் மின்னணுத் தொழில் நிறுவனத்தைத் தொடங்கிற்று. 1990-ல் கழக்கூட்டத்தில் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகிய டெக்னோபார்க் அமைந்தது. மோட்டார் வாகனங்களுக்குரிய மென்பொருளில் ஈடுபட்டுள்ள டாட்டா எல்க்ஸி அங்கே இயங்கி வருகிறது. 2018-ல் நிஸ்ஸான் கார் நிறுவனமும் தன் டிஜிட்டல் மையத்திற்கு இந்நகரையே தேர்ந்தது. தொலைதூர நாடுகளில் ஓடும் கார்களின் திரைகளுக்கு உரிய வேலை கழக்கூட்டத்து மேசைகளில் நடைபெறுவது இன்று புதுமையன்று.

உள்நாட்டுச் சாலைகளுக்கான வேலையும் இங்கு நடைபெறுகிறது. பொதுப் போக்குவரத்து வாகனங்களில், அவை இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் சாதனமும் ஆபத்துக் காலத்தில் அழுத்தும் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அச்சாதனத்திற்குரிய தரம் ஏ.ஐ.எஸ்.-140 என்பதாகும். கேரள மோட்டார் வாகனத் துறை இதனைச் சுரக்ஷா மித்ரா என்னும் திட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கான கண்காணிப்பு மென்பொருளை உருவாக்கியது மத்திய அரசின் விஞ்ஞான நிறுவனமாகிய சி-டாக்கின் திருவனந்தபுரக் கிளை. இச்சாதனம் பாட்டுப் பாடுவதில்லை, படம் காட்டுவதில்லை. எனினும் வெளியுலகத்தோடு இணைந்த வாகனத்திற்கு எழும் கேள்விகள் யாவும் இதற்கும் எழுகின்றன. பள்ளிக்கூட வண்டியின் இருப்பிடத்தைக் கூறும் சாதனம் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உண்மை கூற வேண்டுமல்லவா?

முதல் அளவுகோல்: ஆயுள்

இந்தியச் சட்டப்படி சொந்த உபயோகத்திற்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின்னர் தகுதிச் சோதனையில் தேறினால் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியையோ சில ஆண்டுகளில் மாற்றிவிடுகின்றனர். தகவல் திரை, தொலைபேசித் தொழிலிலிருந்து கருவிகளையும் பழக்கங்களையும் இரவல் வாங்கிக் காருக்குள் வந்து சேர்ந்தது. குறுகிய ஆயுளுக்குப் பழகிய கருவியை நீண்ட ஆயுளுள்ள யந்திரத்தில் பொருத்தியதே இத்துறையின் சங்கடங்களுக்கு வேர்.

சில உதாரணங்களைக் காண்போர்க்கு இது விளங்கும். ஃபோர்டு நிறுவனம் 2007-ல் வெளியிட்ட சிங்க் என்னும் அமைப்பு மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டிருந்தது. ஏழாண்டுகள் கழித்து, 2014-ல் அறிவித்த மூன்றாம் பதிப்பில் அந்நிறுவனம் அடித்தளத்தையே மாற்றி, கனடாவில் தோன்றிய கியூ.என்.எக்ஸ். என்னும் இயக்க அமைப்புக்குச் சென்றது. முன்பு விற்ற கார்களோ பழைய அடித்தளத்தோடுதான் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் 2022-ல் மூன்றாம் தலைமுறைத் தொலைபேசி அலைகள் நிறுத்தப்பட்டபோது, அவற்றையே நம்பியிருந்த பல கார்களின் இணைப்பு வசதிகள் ஓய்ந்தன. கார்கள் பழுதின்றி ஓடின. அவற்றின் திரைக்குரிய சேவைகள் மட்டும் காலாவதியாயின.

கருவியை ஆக்கியவர் கைமாறுவதும் உண்டு. திரைகளை வரைவதற்குப் பெரிதும் உபயோகமாகும் க்யூட்டி என்னும் கருவித் தொகுதி நார்வே நாட்டில் டிரால்டெக் என்னும் சிறு கம்பெனியில் பிறந்தது. 2008-ல் அது நோக்கியாவின் கைக்கும், 2012-ல் டிஜியாவின் கைக்கும் சென்றது. ஆயினும் அதை நம்பியவர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. உரிமையாளர் அதன் திறந்த பதிப்பை வெளியிடாமல் நிறுத்திவிட்டால், அதனைத் தாராளமான உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் ஓர் அறக்கட்டளைக்கு உண்டு என்று 1998-லேயே ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தனர். உரிமையாளர் யார் என்பதைக் காட்டிலும் உரிமப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே நெடுங்காலத்தில் பயன்பட்டது. கருவி வாங்கும் அதிகாரி விலைப்பட்டியலைப் படிக்கும் முன்னர் உரிமத்தைப் படிப்பது நல்லது.

இரண்டாம் அளவுகோல்: அபாயத்தைப் பிரித்தல்

காருக்குள் இருக்கும் பல சிறு கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குக் கேன் என்னும் கம்பித்தடம் உதவுகிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அதனை வெளியிட்டது. அக்காலத்தில் காருக்கு வெளியிலிருந்து எவரும் அக்கம்பியில் பேச வழியில்லை. ஆகவே, செய்தியை அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் வைக்கப்படவில்லை. பிற்காலத்தில் தகவல் திரை தொலைபேசி அலையோடு இணைந்தபோது, தாழ்ப்பாள் இல்லாத அவ்வீட்டிற்குத் தெருப்பக்கம் ஒரு கதவு திறந்தது போலாயிற்று.

அதன் விளைவு 2015-ல் வெளிப்பட்டது. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டியின் தகவல் திரைக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து, அங்கிருந்து வண்டியின் பிற பாகங்களுக்கும் கட்டளையிட முடியும் என்று காட்டினர். ஏறக்குறைய 14 லட்சம் வண்டிகளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைக்கும்படி நேர்ந்தது. திருத்திய மென்பொருள், கட்டைவிரல் அளவுள்ள நினைவுச் சாதனத்தில் பதிந்து உரிமையாளர்களுக்குத் தபாலில் அனுப்பப்பட்டது. பாட்டுப் பெட்டியில் இருந்த ஓட்டை பிரேக் வரையில் சென்றது என்பதே இச்சம்பவத்தின் பாடம்.

ஆகவே, கருவித் தேர்வில் இரு பகுதிகளைத் தனித்தனியே வைத்து எண்ண வேண்டும். வேகமானி, எச்சரிக்கை விளக்குகள், வண்டியின் ஓட்டத்தோடு தொடர்புள்ள பிற பாகங்கள் ஒரு பகுதி. பாட்டு, படம், தொலைபேசி ஆகியவை மற்றொரு பகுதி. இக்காலத்தில் சிக்கனம் கருதி இரண்டையும் ஒரே சில்லில் இயக்குகின்றனர். அப்படிச் செய்யும்போது, ஒரே வீட்டை நடுச்சுவர் எழுப்பி இரண்டு குடித்தனங்களாக்குவது போல, ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் இரண்டையும் பிரித்து வைக்கிறது. ஒரு பக்கத்தில் அடுப்பு அணைந்தாலும் மறுபக்கத்தில் விளக்கு எரிய வேண்டும். அச்சுவரைச் சோதிக்க வழி தராத கருவியை, மற்றச் சிறப்புகள் எத்தனை இருப்பினும், ஏற்பது தகாது.

முதற்பகுதிக்கு உலகம் ஒப்பிய நெறிகள் உள்ளன. சி மொழியில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய பழக்கங்களை மிஸ்ரா என்னும் பிரிட்டிஷ் குழு 1998-ல் தொகுத்து வெளியிட்டது. 2011-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 26262 என்னும் தரம், எழுதிய மென்பொருளோடு நிற்காமல், அதனை எழுத உதவிய கருவியின் நம்பகத்தையும் ஆராயச் சொல்கிறது. நிரலை யந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிழை செய்தால், சரியாக எழுதிய நிரலும் தவறாக இயங்கும் அன்றோ? இப்பகுதிக்கு விலை கொடுத்துச் சான்று பெற்ற கருவியை வாங்குவது வீண்செலவாகாது. இரண்டாம் பகுதிக்கு அதே விலையைக் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. அங்கே திறந்த மூலநிரலுள்ள கருவிகள் போதும் என்பதோடு, நீண்ட ஆயுளை எண்ணினால் அவையே மேலும் தக்கவை.

மூன்றாம் அளவுகோல்: ஓட்டுநரின் கண்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. இதனை எட்டாம் வகுப்பு மாணவனும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், திரையில் ஒரு பார்வை இரண்டு வினாடியைத் தாண்டலாகாது என்றும், ஒரு வேலையை முடிக்கத் திரையைப் பார்க்கும் நேரம் எல்லாம் கூடி 12 வினாடிக்கு மேற்படலாகாது என்றும் கூறுகின்றன. இரண்டு வினாடியில் கார் 33 மீட்டர் ஓடிவிடும். 12 வினாடியில் 200 மீட்டர். கழக்கூட்டத்துச் சந்திப்பிலோ பள்ளிக்கூட வாசலிலோ இந்தத் தூரம் எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கும் கருவிக்கும் என்ன தொடர்பு? மென்பொருள் எழுதுவோர் பெரும்பாலும் தம் மேசைமேல் உள்ள வேகமான கணினியில், காரின் சில்லைப் போல நடிக்கும் மாதிரி அமைப்பைக் கொண்டே வேலை செய்கின்றனர். அங்கே விரல் பட்டவுடன் திரை மாறும். அதே நிரல் காரிலுள்ள மெதுவான சில்லில் தயங்கி நிற்கும். தொட்டது பதிந்ததா இல்லையா என்று அறியாத ஓட்டுநர் மறுபடியும் திரையைப் பார்ப்பார். மேசையில் எவரும் காணாத அத்தயக்கம் சாலையில் சில மீட்டர்களாக மாறுகிறது. ஆகவே உண்மையான சாதனத்தின்மீது நிரலை ஏற்றி, ஒவ்வொரு தொடுதலுக்கும் ஆகும் காலத்தை அளந்து காட்டும் கருவியே தேர்வில் முன்னிற்க வேண்டும். பொன்முடிக்குச் செல்லும் 22 கொண்டையூசி வளைவுகளைப் போன்ற மலைப்பாதையில் தொலைபேசி அலை அறுந்தாலும் வரைபடம் மறையாதிருக்கிறதா என்று சோதிக்கும் வசதியும் அதில் இருத்தல் வேண்டும்.

நான்காம் அளவுகோல்: எழுத்து

அயல்நாடுகளில் ஆக்கிய கருவிகளைத் தேர்வோர் பெரும்பாலும் கவனியாது விடும் விஷயம் ஒன்றுண்டு. திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை வழியாக நாகர்கோவில் செல்லும் ஓட்டுநர், ஒரே பயணத்தில் மலையாளப் பலகைகளையும் தமிழ்ப் பலகைகளையும் படிக்கிறார். அவருடைய தகவல் திரை அவ்வூர்ப் பெயர்களைப் பிழையின்றிக் காட்டுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள கொல்லங்கோடு என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அதன் முதலெழுத்தில் ஒகரக் குறி ககரத்திற்கு முன்னும் பின்னுமாக இரண்டு துண்டாக நிற்கிறது. யூனிகோடு முறையில் கணினி அதனைச் சேமிக்கும்போது முதலில் ககரமும் பின்னர் ஒரே குறியுமாகச் சேமிக்கிறது. திரையில் வரையும் வேளையில் அக்குறியைப் பிளந்து இருபுறமும் வைப்பது ஒரு தனி மென்பொருளின் வேலை. ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த மென்பொருள் அதனைச் செவ்வனே செய்கிறது. ஆங்கிலத்தை மட்டும் எண்ணி ஆக்கிய சிறு கருவிகளில் அது இராது. அப்போது கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் சிதறி, இடையிடையே புள்ளிவட்டங்கள் தோன்றும். மலையாளத்தில் சிக்கல் இன்னும் மிகுதி. 1971-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பின்னர், பழைய கூட்டெழுத்தும் புதிய பிரித்தெழுதும் முறையும் இரண்டுமே வழக்கில் இருக்கின்றன.

ஓடும் வண்டியில் ஊர்ப்பெயரைப் படிக்க முடியாமல் திணறுவதும், முன்னர்க் கூறிய இரண்டு வினாடிக் கணக்கிலேயே சேரும். எனவே தாய்மொழியில் திரை வேண்டும் என்னும் கோரிக்கை மொழிப்பற்றோடு முடிந்துபோவதன்று. சாலைப் பாதுகாப்போடும் அது பிணைந்தது. கருவியை வாங்குமுன் பத்து ஊர்ப்பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் அதில் ஏற்றிப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

எதிர்வாதமும் அதன் எல்லையும்

இவ்வளவு ஆராய்ந்துகொண்டிருந்தால் சந்தையில் பிந்திவிடுவோம் என்று கூறுவோர் உளர். கூகிள் நிறுவனம் 2017-ல் அறிவித்த ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் போன்ற ஆயத்த அடித்தளம் இருக்கையில், வேறொன்றைத் தேடுவானேன் என்பது அவர்களது வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. அவ்வடித்தளத்தைக் கொண்ட முதற்கார் 2020-ல் வெளிவந்த பின்னர், பல நிறுவனங்கள் அதனை மேற்கொண்டன. அதற்கான நிரலெழுத்தில் பயிற்சி உடையோர் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றனர் என்பது சிறிய நன்மையன்று.

எனினும் அதன் அடிப்படை நிரல் திறந்ததாக இருப்பினும், வரைபடம், குரல் உதவி, செயலிக் கடை ஆகியவை தனி ஒப்பந்தத்தின்பேரிலேயே வருகின்றன என்பதை மறத்தலாகாது. மறுபுறம், 2012-ல் லினக்ஸ் அறக்கட்டளை தொடங்கிய ஆட்டோமோட்டிவ் கிரேடு லினக்ஸ் என்னும் கூட்டுமுயற்சியும் வெறும் கனவாக நின்றுவிடவில்லை. டொயோட்டா நிறுவனம் தன் 2018 மாடல் கேம்ரி காரில் அதனை உபயோகித்தது. ஒன்றே சிறந்தது, மற்றது தாழ்ந்தது என்று எல்லா இடத்திற்கும் பொருந்தத் தீர்ப்புக் கூற இயலாது. எதைத் தேர்ந்தாலும், பத்தாண்டு கழித்து அதனை விட்டு வெளியேற வழியுண்டா என்பதைத் தேர்வு நாளிலேயே எழுதி வைத்தல் இன்றியமையாதது.

இன்று விரைவுக்குக் கொடுக்கும் விலையை நாளை கட்ட வேண்டியிருக்கும் என்பதற்குச் சட்டமும் சான்று. ஐக்கிய நாடுகளின் 155, 156 ஆகிய எண்ணுள்ள விதிகள் 2021-ல் நடைமுறைக்கு வந்தன. முதலது வாகனத்தின் கணினிப் பாதுகாப்பைப் பற்றியது. இரண்டாவது, விற்ற பின்னர் மென்பொருளைப் புதுப்பிக்கும் முறையைப் பற்றியது. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் யாவும் இவற்றிற்கு உட்பட வேண்டியவை. எந்த வண்டியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, யார் எதை எப்போது மாற்றினார் என்பதற்குக் கணக்கு வைக்காத கருவியைக் கொண்டு கழக்கூட்டத்தில் எழுதும் நிரல் அச்சந்தையில் நுழைய இயலாது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத் தக்கவை

களப் பணியாளர்கள் கருவிகளை வாங்குவதில்லை. ஆனால் பிழைகளை முதலில் காண்பவர்கள் அவர்களே. வாகனத்தின் சாதனம் இருப்பிடத்தைத் தவறாகத் தெரிவித்தால், ‘சாதனம் பழுது’ என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. சாதனத்தின் மாதிரி, அதிலுள்ள மென்பொருளின் பதிப்பெண், பிழை நேர்ந்த இடம், நேரம், அங்கே அலை கிடைத்ததா என்னும் ஐந்து விவரங்களையும் குறிப்பேட்டில் பதிந்தால், மென்பொருள் எழுதியவருக்கு அதுவே அரைப்பங்கு விடையாகும். பதிப்பெண்ணைக் காட்டவே வழியில்லாத சாதனம் என்றால், அக்குறையையே முதற்குறையாக எழுத வேண்டும்.

ஆசிரியர்களுக்குக் கேரளத்தில் ஒரு வசதி முன்னமே வாய்த்திருக்கிறது. 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை திருவனந்தபுரத்தில் தொடக்கம் கண்டது. அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்பிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் கட்டற்ற மென்பொருளையே ஆதாரமாகக் கொண்டது. 2017-ல் அது கைட் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. பள்ளியிலேயே லினக்ஸில் பழகிய மாணவன், பாலிடெக்னிக்கிலும் பொறியியற் கல்லூரியிலும் கார்த்திரையின் அடித்தளத்தைத் திறந்து பார்க்கத் தயங்க மாட்டான். குறிப்பிட்ட ஒரு கருவியின் பொத்தான்களை மனப்பாடம் செய்விப்பதை விட்டு, கம்பைலர் என்ன செய்கிறது, செய்தி கம்பியில் எப்படிச் செல்கிறது, உரிமப் பத்திரத்தை எப்படிப் படிப்பது ஆகியவற்றைக் கற்பித்தால், கருவிகள் மாறும்போது அவனுடைய பிழைப்பு மாறாது. க்யூட்டி கைமாறிய வரலாற்றையும், ஜீப் வண்டியின் கதையையும் வகுப்பில் ஒருமுறை கூறினால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

இவ்வாண்டு திருவனந்தபுரத்துச் சாலையில் முதன்முறையாக ஓடும் கார், இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தை கல்லூரியை முடிக்கும் வரையில் ஓடக்கூடும். அக்காரின் திரையில் ஒரு பிழை எழுந்து, அக்குழந்தையே பொறியியல் படித்து அதனைத் திருத்த முன்வரும்போது, மூலநிரலும், அதனைக் கட்டும் கருவியும், யார் எதை மாற்றினார் என்னும் கணக்கும் கைக்குக் கிடைக்க வேண்டும். கருவிக்கான கொள்முதல் உத்தரவில் இன்று இடும் கையெழுத்து, அவை கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவு செய்துவிடுகிறது.